காதுப்பூச்சி கடித்த நாள்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டு என்னை ஒரு மாதிரி பார்க்க வேண்டாம்.

எங்கள் செடிப் பண்ணையில் எந்தத் தொட்டியைத் தூக்கினாலும் அடியில் ஒரு பூச்சி இருக்கும். பழுப்பு நிறம், விரல் கணு நீளம், வால் பக்கம் இடுக்கி மாதிரி இரண்டு கொம்பு. காதுப்பூச்சி என்போம். தூங்குகிறவர் காதுக்குள் புகுந்து மூளை வரைக்கும் போய்விடும் என்று சின்ன வயதில் என்னையும் பயமுறுத்தியிருக்கிறார்கள். ஒரு நாள் தொட்டியைப் புரட்டினேன், அது உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவர் நின்றார். "அண்ணே, உங்க சொந்தக்காரர் வந்திருக்கார் பாருங்க" என்றேன். மண் கலக்கும் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் குனிந்து பூச்சியை நன்றாகப் பார்த்தார்.

"இது காதுக்குள்ள எல்லாம் போகாதும்மா. பேர்தான் அப்படி வந்திடுச்சு."

சாயங்காலத்துக்குள் பண்ணை முழுக்க அவருக்குக் காதுப்பூச்சி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒட்டுவதில் எனக்குக் கைராசி உண்டு. வேலையே அதுதான். செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதித் தொட்டியில் செருகுகிறேன்.

அவர் வேலை என்னவென்று கேட்டால், முதலாளியின் காது. முதலாளிக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். கத்திப் பேசினால் தகரத்தை உருட்டுகிற சத்தம்தான் கேட்குமாம். காதை ஒட்டி வாயை வைத்து, தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான் வார்த்தை பிரியுமாம். அப்படிச் சொல்வதற்கென்றே அவரை வேலைக்கு வைத்திருந்தார். முதலாளியின் நாற்காலிக்கு வலது பக்கம் ஒரு முக்காலி. நாம் போய் எதிரில் நின்று சொல்ல வேண்டியது. அவர் கையைக் குவித்து, காதில் வாயை வைத்து, அதைத் திருப்பிச் சொல்வார். போன் வந்தாலும் அவர்தான் எடுப்பார்.

அதற்கு முன்னால் பதினேழு வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்திருந்தார். எந்த வண்டி எந்த வரிசையில் நிற்கிறது, எந்த வண்டி தாமதம் என்று சொல்லும் வேலை. பிறகு பதிவு செய்த பெண் குரல் ஒன்றை வாங்கிப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவர் பேசவே மாட்டார் என்று அவர் மனைவி ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். அதில் அவருக்கு எந்த இடத்தில் பேச வழி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மற்றபடி ஒழுங்கான மனிதர். மூன்று வேளை பல் துலக்குவார். அடுத்தவர் மூக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பிழைக்கிறவர் என்பதால் வெங்காயத்தை அடியோடு விட்டுவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் கிராம்பு இருக்கும்.

ஆனாலும் எங்களில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்காது. நாள் முழுக்க முதலாளி காதைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆள் அங்கே என்ன, மந்திரமா ஓதுவார்? லீவு கேட்டு இல்லை என்றால் அவர் ஓதிவிட்டார். தண்ணீர் ஊற்றுகிறவரை நிழல் பக்கத்திலிருந்து வெயில் பக்கத்துக்கு மாற்றினால் அவர் போட்டுக்கொடுத்துவிட்டார். வேன் பஞ்சரானால்கூட டிரைவர் அவரைத்தான் முறைப்பான். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆதாரத்துக்காகக் காத்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமும் இல்லை.

இனி என் கதை. பண்ணை வாசலில் இரண்டு அறை வீடு ஒன்று இருந்தது. பழைய மேற்பார்வைக்காரர் வேலையை விட்டுப் போனதும் அது காலியாயிற்று. புதிதாக யார் மேற்பார்வைக்கு வருகிறார்களோ அவர்களுக்கு அந்த வீடு. "உன்னைத்தான் யோசிச்சிருக்கேன்" என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. நாங்கள் இருந்தது ஒரே அறை. நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பெண்கள். வீட்டுக்காரர் காலை நீட்டினால் கால் சமையல் மேடைக்கு அடியில் போகும். பெரியவள் மூடிய கக்கூஸ் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். யாராவது கதவைத் தட்டினால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நிற்பாள். ஒரு நாளும் அதைப் பற்றி அவள் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஓட்டலிலிருந்து முந்நூறு வெள்ளை ரோஜாச் செடிக்கு ஆர்டர் வந்தது. போனில் கேட்டு, காதுப்பூச்சி தன் கையாலேயே தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். வெள்ளை என்று கொட்டை எழுத்தில்தான் எழுதியிருந்தார். பூக்காத ரோஜாச் செடியைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் முடியாது. சீட்டு சொல்வதுதான் நிறம். அன்று காலையில்தான் மாமியாருக்கும் எனக்கும் வாய்த்தகராறு. அதே நினைப்பில் சிவப்புச் செடி வரிசையில் வெள்ளைச் சீட்டைச் செருகிக்கொண்டே போயிருக்கிறேன், முந்நூறும்.

மூன்று மாதம் கழித்து ஓட்டல் வாசல் முழுக்கச் சிவப்பாகப் பூத்தது. அவர்கள் நேரில் வந்து முதலாளியைக் கிழித்துவிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை என்றாலும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "யார் பண்ணின வேலை இது?" என்றார்.

எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்த வீடுதான் தெரிந்தது. "எனக்கு வந்த தாள்லயே சிவப்புன்னுதாங்க ஐயா இருந்தது" என்றேன். தாளைக் கிழித்துப் போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. இதையும் அவர்தான் முதலாளி காதில் சொல்ல வேண்டும். சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முதலாளி திரும்பி அவரைப் பார்த்து, "போன்ல நீ தப்பாக் கேட்டியா? உனக்கும் காது போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதுப்பூச்சி கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் முதலாளியின் மகள் காது மெஷின் பேச்சை எடுத்தாள். காதுக்கே காது கேட்கவில்லை என்றால் எதற்கு வைத்திருப்பது, மெஷின் வாங்கிவிடலாம் என்றாள். மெஷின் வந்தால் முக்காலிக்கு வேலை இல்லை. காதுப்பூச்சிக்கு ஐம்பத்தொன்பது வயது. குடல் இறக்கம் உண்டு, ஒரு தொட்டியைத் தூக்க முடியாது. அடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல மட்டும் தெரிந்த ஆளுக்கு எவன் வேலை கொடுப்பான்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வீட்டு விஷயம் மாதக் கடைசியில் முடிவாக வேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலாளி அறையிலிருந்து ஒரு கத்தல். அவருக்குத் தன் குரல் தனக்கே கேட்காது, அதனால் சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும். அன்று கோபம் வேறு.

"காதுப்பூச்சி என் காதைக் கடிச்சிடுச்சு! இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே! எங்கெங்க என்னென்ன ஒளிஞ்சிட்டிருக்குன்னு இப்பத்தான் தெரியுது. ஒண்ணு விடாம இன்னைக்கே வெளியே எடுத்து ஒழிச்சுக் கட்டறேன்!"

பண்ணையில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டோம். தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போச்சு. போட்டுக்கொடுத்துட்டான்" என்றான்.

"எல்லாத்தையுமா?" என்றாள் மண் கலக்கும் அக்கா.

"ஒண்ணு விடாமன்னு சொல்றாரே, காதுல விழலையா?"

மற்றவர்கள் செய்ததெல்லாம் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் செய்தது தெரியும். வெள்ளை என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தானே. பிழைப்பு போகிற நேரம் வந்ததும் சொல்லிவிட்டார். சொல்லாமல் என்ன செய்வார், அவரும் மனிதர்தானே என்று ஒரு பக்கம் தோன்றியது. பாவி மனுஷன், இன்னும் பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று இன்னொரு பக்கம் தோன்றியது.

கூடிப் பேசினோம். முதலாளி கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிட்டால் பாதித் தண்டனையோடு போகும் என்று டிரைவர் சொன்னான். அவனே முதலில் போனான். பலியாடு மாதிரி போனவன் ஐந்து நிமிஷத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"புது டயர் வாங்கித் தர்றேன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"மச்சான் வீட்டு பீரோவ நம்ம வேன்ல ஏத்திட்டுப் போனதைத்தான் சொன்னேன்."

அடுத்து தண்ணீர் ஊற்றுகிறவர் போனார். நான்கு நாள் தண்ணீர் ஊற்றாமல் பெரணிச் செடிக் கொட்டகைக்குள் படுத்துத் தூங்கியதைச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட ஒரு நாள் லீவோடு வந்தார். "ஐயா என் முதுகைத் தொட்டுப் பார்த்தாருப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது. மண் கலக்கும் அக்கா தொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோனதைச் சொல்லப் போய், கையில் இரண்டு தொட்டியோடு வந்தாள். ஐயாவுக்கு என்ன பெரிய மனசு என்று மூவரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

உள்ளே போனேன். யார் முகத்தையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் கொட்டினேன். மாமியார் தகராறிலிருந்து தொடங்கினேன். சீட்டை மாற்றிச் செருகினது நான்தான், தாளில் வெள்ளை என்றுதான் இருந்தது, அதைக் கிழித்துப் போட்டதும் நான்தான், அண்ணன் பேரில் ஒரு தப்பும் இல்லை, வீட்டு ஆசையில் பொய் சொல்லிவிட்டேன், மன்னிச்சுக்குங்க ஐயா.

கண்ணைத் திறந்தேன். காதுப்பூச்சி கையைக் குவித்துக் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னது ஒரு பக்கம் வரும். அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

"அப்படியா!" என்றார் முதலாளி. "மழையில சீட்டு அழிஞ்சு போகுதா? அழியாத மை வாங்கிடலாம். இதுக்கு எதுக்கும்மா அழறே?"

அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே ஒரு பூச்சி, வால் இடுக்கியைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. முதலாளியின் வலது காது மடல் சிவந்து வீங்கி, மேலே களிம்பு பூசியிருந்தது. கொட்டகையில் மாட்டியிருந்த குல்லாவை எடுத்துப் போட்டிருக்கிறார், மடிப்புக்குள் அது இருந்திருக்கிறது. தொட்டி ஒன்று விடாமல் தூக்கி எல்லாப் பூச்சியையும் வெளியே எடுத்து ஒழிக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னார்.

அந்த மனிதர் யாரையும் போட்டுக்கொடுக்கவில்லை. அன்றும் இல்லை, என்றுமே இல்லை.

"அதில்லங்க ஐயா..." என்றேன். காதுப்பூச்சி மறுபடி காதில் குனிந்தார்.

"நன்றி எல்லாம் எதுக்கு?" என்றார் முதலாளி. "நல்லா வேலை செய்யறவளுக்குச் செய்யறதுதானே. வாசல் வீடு உனக்குத்தான். ஒண்ணாந்தேதி சாமானை எடுத்துட்டு வந்துடு."

மேசையில் ஒரு குறிப்புத்தாள் கட்டும் பென்சிலும் கிடந்தன. முதலாளிக்குக் காதுதான் இல்லை, கண் இருக்கிறது. நான் எழுதிப் பிழைக்கிறவள். பென்சிலைப் பார்த்தேன். காதுப்பூச்சியும் பென்சிலைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். டப்பாவைத் திறந்து வெங்காயம் இல்லாத என்னவோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே அப்படிப் பண்ணீங்க?"

"நாலு பேர் சொன்னதையும் உள்ளபடி சொன்னா, அவர் நாலு பேரையும் திட்டுவாரு. நீங்க பதில் பேசுவீங்க. அத்தனையையும் நான்தானே திருப்பிச் சொல்லணும். தொண்டை தாங்காதும்மா."

"விளையாடாதீங்க. உங்க பேர் கெட்டுப் போச்சே. என்னாலதானே மெஷின் வருது?"

அவர் ஒரு வாய் மென்று விழுங்கினார். "மெஷினுக்கு முந்தாநாளே ஆர்டர் கொடுத்தாச்சு. இனிமே நீ என்ன சொன்னாலும் அது வரத்தான் போகுது. வீட்டையும் ஏன் விடற? பொண்ணுக்குப் பரீட்சை வருதுன்னியே."

எனக்கு அப்படியே உயிர் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. எப்படியும் போகப்போகிற வேலை என்றால் நான் என்ன செய்ய முடியும்? அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு தடவை சம்பள உயர்வு இல்லை என்றதற்கு நான் ஆத்திரத்தில் முதலாளி எதிரிலேயே, "கஞ்சப் பிசினாறி, நாசமாப் போக" என்றிருக்கிறேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "உனக்கும் உன் பிள்ளைங்களுக்கும் அப்படியே ஆகட்டும்மா" என்றார். அன்று அதைத் திமிர் என்று நினைத்து ஒரு வாரம் பொருமினேன்.

மற்ற மூன்று பேரும் கடைசி வரைக்கும் வேறு மாதிரிதான் நம்பினார்கள். காதுப்பூச்சி போட்டுக்கொடுத்தான், ஐயா பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டும் என்றால் என் கதையையும் சொல்ல வேண்டும். ஒண்ணாந்தேதி சாமானோடு வாசல் வீட்டுக்கு வந்துவிட்டோம். பெரியவளுக்கு மேசை, நாற்காலி, கதவுள்ள அறை எல்லாம் கிடைத்தது.

அடுத்த மாதம் மெஷின் வந்தது. அவர் சனிக்கிழமையோடு நின்றார். யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. "தொல்லை விட்டுது" என்று டிரைவர் ஹாரன் அடித்தான். வாசல் வீடு என்பதால் யார் வெளியே போனாலும் எங்கள் ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு அவர் வருவது தெரிந்தது. நான் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். காலடிச் சத்தம் கொஞ்சம் நின்றது, பிறகு போய்விட்டது.

மெஷினோடு முதலாளிக்கு எல்லாம் கேட்டது. அதுதான் வினை. நாங்கள் இத்தனை வருஷம் பேசிவந்த பேச்சு அவர் காதில் முதல் தடவையாக விழுந்தது. முதல் நாளே டிரைவருக்கு அர்ச்சனை. மண் கலக்கும் அக்காவை, "நீ எப்பவுமே இப்படித்தான் பேசுவியா?" என்று கேட்டார். பாவம், அவருக்கு நிஜமாகவே அதிர்ச்சி.

ஒரு நாள் அவர் மகள் மெஷின் பெட்டியைக் கொண்டுவந்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று உத்தரவாத அட்டையை நிரப்பச் சொன்னாள். பெட்டிக்குள் ஆர்டர் சீட்டும் இருந்தது. அட்டைக்குத் தேதி வேண்டும் என்று அதைப் பிரித்தேன். பூச்சி கடித்த செவ்வாய்க்கிழமை எனக்கு மறக்குமா? மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தது அதற்கு முந்தாநாள் இல்லை. அதற்கு எட்டு நாள் பின்னால்.

மறுபடி படித்தேன். தேதி மாறவில்லை. எட்டு நாள், தினமும் காலை முதலாளி அறை வாசலைத் தாண்டித்தான் நான் சீட்டுக் கட்டு எடுக்கப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் இன்னும் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். அவரும் ஒரு பொய்தான் சொன்னார், என்னைப் போலவே. அவர் சொன்னது எனக்காக. நான் சொன்னதும் எனக்காகத்தான். ஓவென்று அழுதேன். அழுது முடித்து, முகம் கழுவி, நேராக முதலாளி அறைக்குப் போனேன். வீடு போனால் போகட்டும், இப்போதாவது அவர் காதில் நேராக விழட்டும் என்றுதான் போனேன்.

முக்காலி இருந்த இடத்தில் மை டப்பாக்கள் அடுக்கியிருந்தன. முதலாளி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் நின்று ஒன்று விடாமல் சொன்னேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன். சீட்டு, தாள், பொய், எட்டு நாள், எல்லாம். "அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்குங்க ஐயா, வீட்டை நாளைக்கே காலி பண்ணிடறேன்" என்று முடித்தேன்.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். காதுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதை அணைச்சு வச்சிட்டேம்மா. ஒரே இரைச்சல், தாங்க முடியலை. நீ என்ன, வீட்டைப் பத்தித்தானே சொல்றே? சௌகரியமா இருக்கா?"

மேசையில் பென்சில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எங்கள் வீடு தெரியும். பெரியவள் மேசை முன்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.